ஐந்நூற்று ஏழாம் எண் யாருடையது

அன்புள்ள கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது பவித்ரா, "அத்தே, உங்க கல்யாணம் எப்படி நடந்துச்சு?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ குறுக்கே புகுந்து, "அது கம்ப்யூட்டர்ல நம்பர் மாறிப்போய் நடந்த கல்யாணம்" என்று சொல்லிச் சிரித்தாய். அவளும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் ஒன்றும் இல்லை. ஒரு வரியில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். ஆவணியில் உனக்குக் கல்யாணம். இந்த மாதத்தோடு எனக்கும் அச்சகத்தில் வேலை முடிகிறது. அதனால் இப்போது உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன். மாட்டுக்கு ஊசி போடுகிறவனுக்கு லினக்ஸ், கம்ப்யூட்டர் சங்கதியெல்லாம் எதற்கு என்று நீ கேட்பாய். உனக்குப் புரிகிற மாதிரிதான் சொல்லப்போகிறேன். நீ படித்துவிட்டு அவளிடமும் கொடு.

நான் சிவகாசியில் அந்த அச்சகத்தில் சேர்ந்தது ஒரு தீபாவளி முடிந்த கையோடு. டிசைன் பிரிவில் வேலை. பட்டாசு லேபிள், காலண்டர், தீப்பெட்டிப் படம் எல்லாம் வரைவோம். நாரணாபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். என் அப்பா பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிற வேலை பார்த்தார். அம்மாவுக்கும் அங்கேயே திரி வைக்கிற வேலை. மகள் ஏசி அறையில் உட்கார்ந்து படம் போடுகிறாள் என்பதை அம்மா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் எல்லாம் சொல்வாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அவளை நிறுத்தச் சொன்னதில்லை.

நாங்கள் வரைகிற படங்கள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரே ஒரு கணினியில்தான் போய்ச் சேரும். அதை எல்லோரும் "பெட்டி" என்போம். அதை இயக்கிய மென்பொருளின் பெயர் லினக்ஸ். அதன் வழக்கம் ஒன்றை மட்டும் நீ தெரிந்துகொண்டால் போதும். அதற்கு மனிதர்களின் பெயர் பெரிதல்ல, எண்தான் பெரிது. ஆளுக்கு ஓர் எண் உண்டு. நீ ஒரு படத்தைச் சேமித்தால் அதன்மேல் உன் பெயரை எழுதாது, உன் எண்ணை எழுதிவைக்கும். யாராவது பட்டியல் கேட்டால், அந்த எண் இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று பார்த்து அந்தப் பெயரைக் காட்டும். இன்றைக்கு யாரிடம் என்பதைக் கவனித்துக்கொள். சின்ன எண்கள் எல்லாம் பெட்டியின் சொந்த வேலைகளுக்கு. எங்கள் பெட்டியில் மனிதர்களுக்கான எண்கள் ஐந்நூறில் தொடங்கின. பெட்டியைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து ஒருவர் எப்போதாவது வருவார். நான் சேர்ந்த அன்று எனக்குக் கணக்கு திறந்துகொடுத்தவர் அவர்தான். எனக்கு விழுந்த எண் ஐந்நூற்று ஏழு. அப்படி ஓர் எண் எனக்கு இருக்கிறது என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கல் அச்சில் அடித்த லேபிள்களை அண்ணாச்சி ஒரு பீரோ நிறையப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் ஒன்று குடை பிடித்த குரங்கு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மழைக்கு ஒதுங்கியவன் மாதிரி நிற்கும். ஒரு பட்டாசு கம்பெனிக்காரருக்கு அது பிடித்துப்போய், அதைப் புதிதாக வரைந்து அடுத்த சீசனுக்கு லேபிள் அடித்துத் தரச்சொல்லி ஆர்டர் கொடுத்திருந்தார். சீசன் வரைக்கும் வெளியே யார் கண்ணிலும் படக்கூடாது என்று பேச்சு. பங்குனி மாதம் எம். புதுப்பட்டியில் வேறொரு கம்பெனியின் பட்டாசுப் பெட்டி மேல் அதே குரங்கு வந்து நின்றது. குடைக் கம்பி ஒன்று லேசாக வளைந்திருக்கும். பழைய லேபிளில் கிடையாது, புதிதாக வரையும்போது விழுந்த வளைவு அது. அந்த வளைவும் அப்படியே இருந்தது. எங்கள் பெட்டியிலிருந்துதான் படம் போயிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, திரையில் குரங்குப் படத்துக்கு எதிரே இருந்த பெயரைக் காட்டினார். யார் எதை வரைந்தது என்று அவருக்கு நினைவில்லை, படம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வெளியே கொடுத்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

"இது யார் பேரு பாப்பா?"

"எம் பேருதான் அண்ணாச்சி. ஆனா இதை நான் வரையல."

"நீ வரையாம ஒம் பேரு எப்படி வரும்?"

"தேதியப் பாருங்க அண்ணாச்சி. செப்டம்பர்னு இருக்கு. நான் சேர்ந்ததே தீபாவளி கழிச்சு."

"தேதியை மாத்துறது ஒனக்குப் பெரிய வேலையா? பேரு ஒன்னோடதா இல்லையா, அதைச் சொல்லு."

மதுரைக்காரருக்குப் போன் போட்டார். அவர் அங்கிருந்தபடியே, "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க" என்று சொல்லிவிட்டார். அறையில் இருந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் அண்ணாச்சி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகாமல் என்னைக் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகாத வெள்ளி நிற மருந்துத் தூள் அவர் விரல் இடுக்கில் மின்னிக்கொண்டிருந்தது. "எம் மகளுக்குக் களவு தெரியாது அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "ஒங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா ஆர்டர் குடுத்தவருக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். சிவகாசியில் ஒரு பெண் லேபிளை வெளியே கொடுத்தாள் என்று பேச்சு கிளம்பிவிட்டால் வேறு எந்த அச்சகமும் அவளைச் சேர்க்காது. அது அப்பாவுக்கும் தெரியும். திரும்பி வருகிற வழியில், "நீ எடுக்கலைல்ல?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அம்புட்டுதான். வா, சாப்பிடுவோம்" என்று சொல்லிப் புரோட்டாக் கடைக்குள் கூட்டிப் போனார். கதிர், உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதன்மேல் ஊரே பழி சொல்லுகிற ஒரு நாள் வந்தால், இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நீயும் அதைச் சாப்பிடக் கூட்டிப் போ.

மெஷின் பிரிவு ஆள் ஒருவர்தான் எங்கள் வீடு தேடி வந்து விவரம் சொன்னார். என் நாற்காலியில் எனக்கு முன்னால் இருந்தவர் முத்துவேல், உன் அப்பா. குரங்கை வரைந்தவரும் அவர்தான். அவருடைய அப்பா வரப்பில் விழுந்து கால் ஒடிந்துபோகவே, விவசாயத்தைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாராம். இருக்கன்குடிக்குப் பக்கத்தில் ஊர். "வெள்ளிக்கிழமைதான, மாரியாத்தாளையும் பாத்துட்டு அப்படியே போய்க் கேட்டுட்டு வருவோம்" என்று அம்மா கிளம்பிவிட்டாள். சாமி கும்பிட்டுவிட்டு, வழி விசாரித்து, நல்ல வெயிலில் அந்த வீட்டு முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வேப்பமரத்து நிழலில் ஒடிந்து இன்னும் சரியாகாத காலை நீட்டிக்கொண்டு ஒரு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நீ ஊர்த் தாத்தா என்று கூப்பிட்டாயே, அவர்தான். "வாங்க. எங்கன இருந்து வாரீக?" என்று நல்லபடியாகத்தான் கேட்டார். அம்மா ஊரைச் சொல்லித் தெருவையும் சொன்னாள். "சரி, அங்கன நில்லு. பய பம்புசெட்டுக்குப் போயிருக்கான்" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. தெருப் பெயரைக் கேட்டதும் 'வாரீக' போய் 'நில்லு' வந்துவிட்டது. அம்மாவும் அவர் சொன்ன இடத்தில், வெயிலில், போய் நின்றுகொண்டாள். அவளுக்கும் அது புதிதில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

உன் அப்பா ஈர வேட்டியோடு வந்தார். எங்களையும் பார்த்தார், நாங்கள் நின்ற இடத்தையும் பார்த்தார். "வாங்கம்மா. ஏன் வெயில்ல நிக்கீக?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிழலில் போட்டார். ஊர்த் தாத்தா மகனை நிமிர்ந்து பார்த்தார். அம்மா உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். நான் திருடி இல்லை என்றும் சொல்லி முடித்தேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பெட்டியில ஒங்க நம்பர் என்னன்னு பாத்தீகளா?"

"எந்த நம்பர்?"

"அதுல ஆளுக்கு ஒரு நம்பர் உண்டு. கடைசியாச் சேர்ந்த ஆளு நான். நான் போனதும் என் கணக்கை அழிச்சிருப்பாக. அடுத்து வந்தது நீங்க. கடைசி நம்பருக்கு அடுத்த நம்பரைத்தான் அது குடுக்கும். கடைசி நம்பரையே அழிச்சுப்புட்டா, அதையே எடுத்து ஒங்களுக்குக் குடுத்திரும். அது என் நம்பருங்க. நான் வரைஞ்சது எல்லாத்துலயும் இப்ப ஒங்க பேரு வரும்."

"அப்ப நீங்க வந்து அதைச் சொல்லுங்க" என்றேன். கெஞ்சவில்லை, கோபமாகத்தான் சொன்னேன்.

ஊர்த் தாத்தா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏலே, அங்க போய் அது என் நம்பர்னு சொன்னா, களவு ஒம் மேலதான்லே வந்து விழும்."

"தெரியும்ப்பா" என்றார் உன் அப்பா. சட்டையை எடுக்க உள்ளே போனார்.

அவரை எப்போது பிடித்தது என்று என் சிநேகிதிகள் கேட்பார்கள். நான் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்தத் "தெரியும்ப்பா"வில்தான்.

மறுநாள் காலையில் அச்சகத்தில் அண்ணாச்சியின் அனுமதியோடு உன் அப்பா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். நானும் அப்பாவும் பின்னால் நின்றோம். முதலில் என் எண்ணை ஐந்நூற்று ஏழிலிருந்து ஐந்நூற்று இருபதாக மாற்றினார். பிறகு பட்டியலைக் கேட்டார். குரங்குப் படத்துக்கு எதிரே இருந்த என் பெயர் காணாமல் போய், அந்த இடத்தில் 507 என்று வெறும் எண் மட்டும் நின்றது. "இதோ, இந்தப் பிள்ள பேரு போயிருச்சு. இப்ப இது யாருடையதும் இல்ல" என்றார். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். உன் அப்பா அடுத்து செய்ததை யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. தன் பெயரில் கணக்கைத் திரும்பத் திறந்து, அதற்கு ஐந்நூற்று ஏழு என்ற எண்ணைக் கொடுத்தார். பட்டியலைத் திரும்பக் கேட்டபோது குரங்குக்கு எதிரே, மற்ற பழைய படங்களுக்கு எதிரே, வரிசையாக அவர் பெயர் வந்து நின்றது.

"அப்ப நீதான் எடுத்தியா?" என்றார் அண்ணாச்சி.

"வரைஞ்சது நான் அண்ணாச்சி. எடுத்தது யாருன்னு இந்தப் பெட்டிக்குத் தெரியாது" என்று சொல்லி, பெயருக்கு முன்னால் இருந்த எழுத்துகளைக் காட்டினார். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்புக்கு உரிமை எழுதியிருக்கும். உடையவர், அவருடைய குழு, மற்ற எல்லோரும். எங்கள் பெட்டியில் எல்லாப் படங்களையும் எல்லோரும் படிக்கலாம், எல்லோரும் திருத்தலாம் என்று இருந்தது. யாரும் யோசித்து அப்படி வைக்கவில்லை. பெட்டியை நிறுவிய அன்று தொந்தரவு இல்லாமல் ஓடட்டும் என்று ஒருவர் திறந்துவிட்டுப் போனது, அதற்குப் பிறகு பிறந்த ஒவ்வொரு கோப்பும் அப்படியே திறந்தபடி பிறந்தது. "வாசல்ல கஸ்டமருக்குப் படம் காட்ட ஒரு கம்ப்யூட்டர் வச்சிருக்கீகளே, அதுல உக்காந்து யாரு வேணும்னாலும் இதைத் திறந்து, ஒரு பிளாப்பித் தட்டுல எடுத்துட்டுப் போகலாம்" என்றார்.

அண்ணாச்சி திரும்பி வாசல் கணினியைப் பார்த்தார். மாசி மாதம் முழுவதும் ஒரு லேபிள் புரோக்கரை அந்தக் கணினியில் உட்காரவைத்து, "பழைய சாம்பிளை எல்லாம் பாத்துக்கிட்டு இருங்க" என்று காபி வாங்கிக் கொடுத்தவர் அவரே. பிறகு அந்த ஆள் அச்சகம் பக்கம் வரவே இல்லை. அன்று சாயங்காலம் அண்ணாச்சி மொபெட்டில் எங்கள் தெருவுக்கு வந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. "பிள்ளையத் திங்கக்கெழம அனுப்பிவையுங்க" என்று அப்பாவிடம் சொன்னார். தெரு முழுவதும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் வந்தார் என்று பின்னால் புரிந்தது.

பெட்டியை ஒழுங்குபடுத்த உன் அப்பா வாரத்தில் சில நாள் சாத்தூர் பஸ்ஸில் வந்து போனார். எண்களைப் பிரித்தோம். டிசைன் பிரிவுக்கு ஆயிரத்திலிருந்து, அச்சுத் தகடு செய்கிற பிளேட் பிரிவுக்கும் மெஷின் பிரிவுக்கும் இரண்டாயிரத்திலிருந்து, அலுவலகத்துக்கு மூவாயிரத்திலிருந்து. இடையில் தாராளமாக இடம் விட்டோம். வேலையை விட்டுப் போனவர் கணக்கைப் பூட்டலாம், அழிக்கக்கூடாது, அவர் எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்பது நான் பிடிவாதமாகச் சேர்த்த விதி. அடுத்தது, புதுக் கோப்பு பிறக்கும்போதே அதற்கு என்ன உரிமை என்பது. அதற்கு யூமாஸ்க் என்று ஓர் அமைப்பு உண்டு. எதைக் கொடுப்பது என்று அது சொல்லாது, எதை எடுத்துவிடுவது என்றுதான் சொல்லும். நான் பட்ட அவமானத்தில், உடையவரைத் தவிர எல்லோருக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னேன். ஏற்கனவே இருந்த படங்களையும் அதேபோல் பூட்டச் சொன்னேன். உன் அப்பா தயங்கினார். நான் விடவில்லை. மறுநாள் காலையில் பிளேட் பிரிவில் ஒரு படமும் திறக்கவில்லை. லோடு ஏற்ற லாரி வாசலில் நிற்கிறது, மெஷின் சும்மா நிற்கிறது, அண்ணாச்சி மாடிப்படியில் நின்று கத்துகிறார். உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப களவும் போகாது, வேலையும் நடக்காது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சகத்தில் அவர்முன் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

குழுவில் இருப்பவர்கள் படிக்கலாம், வெளியாட்களுக்கு ஒன்றும் கிடையாது என்று மாற்றினோம். அப்படியும் எங்கள் கணினிகளிலிருந்து புதிதாகச் சேமித்த படங்கள் மட்டும் பழையபடி எல்லோருக்கும் திறந்தே பிறந்தன. உன் அப்பா தலையைச் சொறிந்தார். நான் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தேடினேன். எங்கள் விண்டோஸ் கணினிகளையும் பெட்டியையும் இணைக்கும் நிரலுக்குத் தனியாக ஓர் உரிமை அமைப்பு இருந்தது, அதையும் யாரோ திறந்துவிட்டிருந்தார்கள். நான் கண்டுபிடித்துச் சொன்னபோது, "இனி நான் எதுக்கு இங்கன வரணும்?" என்றார். "வரணும்" என்றேன். இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கல்யாணம் சுலபமாக நடக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். எவ்வளவு கஷ்டம் என்று நாங்கள் உன்னிடம் விவரித்ததில்லை. ஊர்த் தாத்தா வரவில்லை, வேறு யாரையும் வரவிடவும் இல்லை. பதிவு அலுவலகத்தில் என் அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். அண்ணாச்சி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். உன் அப்பாவுக்கு அச்சகத்திலேயே திரும்ப வேலை கொடுத்தார். ஊரிலிருந்து ஒரு வார்த்தை வராத அந்த நாட்களில் உன் அப்பா சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

உன் ஊர்த் தாத்தாவைப் பற்றி நீ தப்பாக நினைக்கக்கூடாது என்பதற்காகவும்தான் இதை எழுதுகிறேன். அம்மாவை வெயிலில் நிறுத்த வேண்டும் என்று அவர் யோசித்து முடிவு செய்யவில்லை. எந்தத் தெருக்காரர் எதுவரை வரலாம் என்று அவருக்கு முன்னால் யாரோ வைத்துவிட்டுப் போனது, அவர் அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லாதபோது ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று பார், அதுதான் அந்த வீட்டின் சட்டம். நீயும் பவித்ராவும் புதுவீட்டில் காலடி வைக்கும்போதே அப்படிச் சில சட்டங்கள் உங்களுக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். காபி யார் போடுவது, அவள் சம்பளத்தைப் பற்றி யார் பேசுவது, அவள் வீட்டார் வந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்று ஒருவரும் சொல்லாமலே எல்லாம் நடக்கும். நடக்கிறதே என்று விட்டுவிடாதே. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசி வையுங்கள். ஒன்றைப் பேசி வைத்தது சரியில்லை என்றால் மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். பயத்தில் எல்லாவற்றையும் பூட்டாதீர்கள். அவளுடைய போனை அவள் கேட்காமல் தொடாதே. உன் மனதில் இருப்பதை மட்டும் அவளுக்குப் பூட்டிவைக்காதே.

நீ பிறந்தது சிவகாசியில், ஒரு சாயங்காலம். வார்டு வாசல் பெஞ்சில் என் அப்பா உன்னைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். நான் உள்ளே படுத்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. கம்பு ஊன்றி யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. வந்தது ஊர்த் தாத்தா. யாரும் சொல்லியனுப்பவில்லை, எப்படித் தெரிந்ததோ. கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வந்தது அதுவே முதல் முறை. என் அப்பா பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். மடியில் நீ இருந்ததால் முடியவில்லை. ஊர்த் தாத்தா கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார்.

"பக்கத்துல வரலாமா?" என்று கேட்டார்.

என் அப்பா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "வாங்க, இப்படி உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தார். உன்னைக் கையில் வாங்கிக்கொண்டார். நீ அந்த ஆஸ்பத்திரியே அதிரும்படி அழ ஆரம்பித்தாய். அவர் பயந்துபோய் உன்னை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே, "யாரு சாடை இவன்?" என்று கேட்டார்.

"முகம் இன்னும் தெரியல" என்றார் என் அப்பா. "சத்தத்தைக் கேட்டா ஒங்க சாடைதான்."

கதவுக்கு வெளியே இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பது எனக்குக் கேட்டது.

உன்
அம்மா